முத்துவுக்கு அப்பா பேர் இல்லை

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்பவன்.

“நான் செஞ்ச சிஸ்டமே எனக்கு ரூம் இல்லன்னு சொல்லிடுச்சுக்கா.”

“ஹாஸ்டல்ல ரூம் பிரிச்சுக் குடுக்குமே, அதுவா? எல்லாரும் கை தட்டினாங்கன்னு சொன்னே?”

“தட்டினாங்க. ஆனா பேர்ல எழுத்தைத் தவிர எது வந்தாலும் தள்ளிடுன்னு எழுதிட்டேன். நம்ம பேருக்கு நடுவுல ஏ-எல்னு சாய்வா ஒரு கோடு வருதில்ல?”

மலேசியாவில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், ‘மகன்’ என்பதற்கான மலாய்ச் சொற்களைச் சுருக்கி ‘A/L’ என்றுதான் போடுவார்கள். என் அடையாள அட்டையிலும் அந்தக் கோடு உண்டு.

“அப்போ தமிழ்ப் பையனுங்க யாருக்குமே ரூம் இல்லையா?”

“யாருக்கும் இல்ல. முதல் ஆளு நான்தான்.”

“டெஸ்ட் பண்ணலையாடா, மடையா?”

“பண்ணினேன்லா! அலி, ஆ சோங், முத்துன்னு சும்மா பேர் போட்டுப் பார்த்தேன், எல்லாருக்கும் ரூம் கிடைச்சுது.”

“முத்துவுக்கு அப்பா பேர் போடலையா?”

“மறந்துட்டேன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் தேயிலைச் செடிகளைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

“திங்கக்கிழமை அங்க போய் எங்கடா படுப்ப?”

“லேப்லதான். பசங்க கையில சிக்காம திருத்தணும்.”

தம்பியின் போன் அடித்தது. அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

“ரூம் கிடைச்சுதாடா?”

“இல்லப்பா. சிஸ்டம்ல தப்பு.”

“எவன்டா செஞ்சான் அதை? எந்த அப்பன் பெத்த புள்ள?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தக் கேள்வியிலதான்ப்பா தப்பே நடந்துச்சு,” என்றான் தம்பி.