அண்ணன் பேரை அழித்த தங்கச்சி

குற்றாலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"எங்க அண்ணன் பேரை நான்தான்ட்டி அழிச்சேன்."

"எங்கன இருந்து?"

"விக்கிப்பீடியாவுல நம்ம ஊரு வடகரையைப் பத்தி ஒரு பக்கம் இருக்குல்லா? அதுல சிறந்த கபடி வீரர்னு அவனே தன் பேரைப் போட்டிருந்தான். ஆதாரம் இல்ல. காரணத்தை எழுதி வச்சிட்டு எடுத்துட்டேன்."

"ஏசலையா?"

"பேசவே இல்ல. நேத்து பழைய பேப்பரைத் தேடிக் கொண்டாந்து, 'இது போதுமாட்டி'ன்னு நீட்டுதான். படிச்சுப் பாத்தா, வடகரை டீம் ஜெயிச்சுதுன்னுதான் இருக்கு. அவன் பேரு இல்ல. டீம் ஜெயிச்சதை மட்டும் எழுதி, அந்தப் பேப்பரையும் ஆதாரமாக் காட்டிட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னாவ?"

"காலையில இருந்து கூட ஆடுனவங்களுக்கெல்லாம் போன் போட்டு, 'நம்ம டீமு விக்கியில வந்துட்டுலே, என் தங்கச்சி எழுதுனது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்."