ஒரு நூல் இறங்கிய கதவு

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும். வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று பலர் விட்டுவிடுவார்கள். எங்கள் குளியலறைக் கதவுக்கு இருந்தது வேறு கோளாறு. மேல்கீலின் திருகாணிகள் தளர்ந்து, கதவு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறங்கியிருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினால் நிலையில் இருக்கும் துளைக்குள் போகாமல் அதற்குக் கீழே இடித்து நிற்கும். அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷம் அதை அப்படியே வைத்திருந்தது நான்தான். தங்கைக்குப் பதினோரு வயதில் வலிப்பு வந்தது. "குளிக்கும்போது மட்டும் தாழ் போட விடாதீங்கம்மா" என்றார் மருத்துவர். எனக்கு அப்போது இருபத்துமூன்று. அம்மா போய் இரண்டு வருஷம், அப்பா அதற்கும் முன்பே. யாரிடம் கேட்க? திருப்புளியை எடுத்து நானே இரண்டு ஆணிகளைத் தளர்த்தினேன். அவள் குளிக்கும்போதெல்லாம் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ள விரும்பி வீட்டுக்கு வந்து பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நனைந்த உடையோடு வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அதற்காக அவள்மேல் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். தங்கமான மனிதர். குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

"அவருக்கு எல்லாம் தெரியும்க்கா. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, எல்லாம் படிச்சு வெச்சிருக்காரு" என்றாள் சாப்பிட்டுக்கொண்டே. "நீ என்னைச் சுமந்தது போதும். இனிமே உன் வாழ்க்கையைப் பாரு."

எந்த வாழ்க்கையை என்று அவள் சொல்லவில்லை.  தட்டுகளைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் அவளே கதவுப் பேச்சை எடுத்தாள். மாப்பிள்ளையின் அக்காவும் பிள்ளைகளும் வந்து தங்குவதாக இருந்தார்கள். "தாழே விழாத கதவை வெச்சுக்கிட்டு... மானம் போயிடும்க்கா. கார்பெண்டரைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாமா?"

"கார்பெண்டர் எதுக்கு? நானே பாத்துக்கறேன்."

மருத்துவர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவளும் விவரம் தெரியாத குழந்தை இல்லையே.

வேலையை ஒழுங்காகவே செய்தேன். அகன்றுபோன துளைகளில் தீக்குச்சிகளைப் பசை தொட்டு அடைத்தேன். காய்ந்ததும் நீளமான திருகாணிகள் போட்டு முடுக்கினேன். கதவு எழும்பி நின்றது. தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவள் நாலைந்து தடவை போட்டும் எடுத்தும் பார்த்துச் சிரித்தாள். "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா" என்றாள்.

ஒன்பது நாள் தாழ் போட்டுக் குளித்தாள். ஒன்பது நாளும் நான் முக்காலியில்தான் இருந்தேன்.

பத்தாம் நாள் காலை. வலிப்பு வரப்போவது அவளுக்கு அரை நிமிஷம் முன்னால் தெரியும். ஏதோ கரிகிற வாசனை அடிக்கும் என்பாள். "அக்கா, வருது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தாழ்ப்பாளைத் தேடி அவள் விரல்கள் கதவில் உரசின. பிறகு தொட்டியில் மோதித் தண்ணீருக்குள் விழுந்த சத்தம். முழங்கால் உயரத் தொட்டி. குளிக்கும்போது அதை நிரப்பி வைத்துக்கொள்வாள்.

கதவை ஏன் உடனே திறக்கவில்லை என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. கீல்கள் என் பக்கம். கீல் முள்ளைத் தட்டி எடுத்தால் கதவு கையோடு வந்துவிடும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. திருப்புளி என் மடியில்தான் இருந்தது. தண்ணீர் அலம்புவது நின்ற பிறகு எடுத்தேன். உடைத்திருந்தால் சந்தேகம் வந்திருக்காது என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். வாஸ்தவம். பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கதவை உடைக்க மனசு வரவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய மாத்திரைகளை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பது நான்தான். கதவைச் சரிசெய்த அன்று இரவிலிருந்து, அதே அளவில் அதே வெள்ளையில் வேறு மாத்திரை கொடுத்தேன். சாதாரணச் சத்து மாத்திரை. அவள் கையில் வாங்கினால் பார்க்கவே மாட்டாள். அப்படியே விழுங்கிவிடுவாள்.

அவள் நாதியில்லாமல் கிடந்து செத்துப்போனாள் என்று மாப்பிள்ளை அழுகிறாராம். அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள். அவள் கூப்பிட்ட உடனே நான் பதில் கொடுத்தேன். கதவில் உள்ளங்கையை வைத்து, "பயப்படாதடா, அக்கா இங்கதான் இருக்கேன்" என்றேன். அவள் கூப்பிட்டு நான் பக்கத்தில் இல்லாத நாள் என்று ஒன்றுகூட இல்லை.