புதிய டிஸ்க் பிளேயர்: முதல் அபிப்பிராயம்

நல்ல பிளேயர்தான், அதிகாரி அவர்களே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அழுத்திவிட்டு ஒரு காபி போட்டுக் குடிக்கலாம், அதற்குள் விழித்துக்கொள்ளும். உள்ளே ஓடும் விசிறி, மாவு மில்லை ஞாபகப்படுத்தும். முதல் தலைமுறைச் சாதனம் என்றால் அப்படித்தான். டிவிடியைவிடப் பல மடங்கு துல்லியமாகப் படம் காட்டும் இதை டேட்டன் நகரத்திலேயே முதலில் வாங்கியவன் நான். அந்தப் பெருமைக்கு முன்னால் விசிறிச் சத்தம் எம்மாத்திரம்?

சனிக்கிழமை காலையில் புதிய தடித்த கேபிளில் படம் விட்டு விட்டு வந்தது. அதனால் தற்காலிகமாகப் பழைய மஞ்சள் கேபிளைச் செருகி மெனுவைச் சரிபார்த்தேன். இது முக்கியமில்லை. எதையும் மறைக்கக் கூடாதே என்று சொல்கிறேன்.

மதியம் என் மனைவி லொரெய்னின் அண்ணன் டுவெய்ன் வந்தான். எங்கள் ஹோம் தியேட்டர் சங்கத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அன்று என் பிளேயரைப் பற்றி முதல் அபிப்பிராயத்தை இணையத்தில் எழுதப்போகிறவனும் அவன்தான். பல மாநிலங்களில் ஆட்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

என்னுடைய கீழ்த்தள அறையில் சுவர், கூரை எல்லாம் கறுப்பு. படம் ஓடும்போது கதவைப் பூட்டிவிடுவேன். வெளிச்சம் ஒரு கீற்று நுழைந்தாலும் திரையில் இரவு வெளுத்துவிடும். கைபேசிக்கு அனுமதியில்லை. போட்டு வரும் கோட்டைக் கழற்றி வெளியே மாட்டிவிட வேண்டும். கம்பளித் துணி ஒலியை விழுங்கிவிடும். சங்கத்தார் எல்லோர் வீட்டிலும் இதே கட்டுப்பாடு. டுவெய்னும் கோட்டை வெளியே மாட்டினான். அதன் பையில் அவனுடைய இதய மாத்திரை இருப்பது எனக்குத் தெரியும்.

கடலடிப் படம் ஒன்றைப் போட்டேன்.

“மாப்ள, பழைய டிவிடிக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே.”

“கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாரு மச்சான்.”

“தொடைச்சாச்சு. இனி அந்த மீனத்தான் தொடைக்கணும்.”

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கை நெஞ்சுக்குப் போனது.

“மாப்ள, நெஞ்ச அடைக்குது. கோட்டுல மாத்திரை இருக்கு. கதவத் தொற.”

அப்போதுதான் பவளப்பாறைக் காட்சி தொடங்கியிருந்தது. இடையில் நிறுத்தினால் இந்த மாடல் உறைந்துபோகும். மறுபடியும் எழுப்ப இன்னொரு காபி. நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

“இது முடியட்டும் மச்சான். இதுலதான் வித்தியாசம் நல்லாத் தெரியும்.”

எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. திரையில் வெள்ளை மணல் வந்தபோது அவன் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. உதட்டில் நீலம் பரவியிருந்தது. நெற்றியில் வியர்வை துளித்துளியாக. பழைய டிவிடியின் வெளிச்சத்தில் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

லொரெய்ன் கதவைத் தட்டினாள். “ஏங்க, அண்ணனுக்கு ஆப்பிள் கேக் வேணுமான்னு கேளுங்க.”

“ரசிச்சுப் பாத்துட்டிருக்காரு. தொந்தரவு பண்ணாத.”

அண்ணனும் புருஷனும் ஒருவழியாக ஒத்துப்போகிறார்கள் என்ற சந்தோஷத்தில் அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. அவள் மனத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

படம் முழுவதும் ஓடி முடிந்த பிறகு கதவைத் திறந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முதல் அபிப்பிராயத்தை நானே எழுதிப் போட்டுவிட்டேன்: ‘டுவெய்ன் கடைசிவரை இருக்கையை விட்டு அசையவில்லை.’ ஆட்கள் காத்திருந்தார்கள் என்றேனே.

இப்போது பிளேயரின் பின்பக்கத்தைப் படமெடுத்து வந்து என் முன்னால் வைக்கிறீர்கள். மஞ்சள் கேபிள்.

“இந்த வயர்ல பழைய டிவிடி தரத்துக்கு மேல படம் வராதுங்க. அப்ப அவரு சொன்னது சரிதானே?” என்கிறீர்கள்.

மாற்ற மறந்திருக்கிறேன். முதல் தலைமுறைச் சாதனத்தில் இப்படிச் சின்னச் சின்னக் குறைகள் இருக்கும். ஆனால் அந்தப் பவளத்தின் ஒவ்வொரு இழையையும் நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆமாம், சாவி என் பையில்தான் இருந்தது. அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரிந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: வித்தியாசம் இருந்தது.