முப்பத்தொரு ஆலிவ் மரங்கள்

தண்ணீரை வீணாக்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. குடத்தில் மிஞ்சியதைக்கூடக் கத்தரிச் செடிக்குத்தான் ஊற்றுவேன். அதனால், கிணற்றைப் பூட்டியதைப் பெரிய குற்றம்போல நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது, ஐயா. பூட்டியது நான்தான். நான் எப்போது இல்லை என்றேன்?

நாமக்கல்லுக்கு மேற்கே, கரட்டடியில் இருக்கும் எண்ணெய்ப் பயிர்ப் பண்ணையில் முப்பத்தொரு ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. யுத்தம் வந்து இத்தாலி எண்ணெய் நின்றதும், இங்கேயே ஆட்டிக்கொள்ளலாம் என்று மேலே யாரோ நினைத்தார்கள். மரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பண்ணையை ஒட்டி எங்கள் சனம் குடியிருக்கும் வளவில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் பெண் நான். பட்டம் என்று பார்த்தால் ஆண்களையும் சேர்த்து நான் ஒருத்திதான். பண்ணை அதிகாரி அதை மறக்க விடமாட்டார். ஒரு மரம் காய்ந்தாலும் உன் அக்காளோடு நீயும் களையெடுக்கப் போகலாம் என்பார். எல்லோர் முன்னாலும்.

நாற்பத்து நாலு சித்திரையில் கிணற்றில் ஆறடித் தண்ணீர்தான் கிடந்தது. வளவுச் சனம் குடிப்பதும் அதில்தான். இனிக் கிணறு மரங்களுக்கு மட்டும், சனம் வளவுக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். மாடு பூட்டி நீர் இறைக்கும் தங்கசாமி ஒருநாள் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ஏனுங்க டீச்சரம்மா, பூக்காத மரத்துக்குக் கெணறு, பொளைக்கிற சனத்துக்குக் குட்டையா?"

கேலிதான். நான் டீச்சர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அன்றே கிணற்று வேலியின் கம்பிக் கதவைப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் அக்கா மாரக்காள் வெறுங்குடத்தோடு வந்தாள். வளவே அவளை அனுப்பியிருந்தது. பூட்டைத் திற என்று அவள் சொல்லவில்லை. எங்கள் சனம் அப்படித்தான். கேட்க வேண்டியதைக் கேட்காது.

"உண்ணாமல, குட்டத் தண்ணியக் குடிக்கலாமா சாமி? நீ கண்ணாடியில பாத்துச் சொன்னாச் செரி. படிச்ச புள்ள சொல்லிட்டா அப்பறம் பேச்சு இல்ல."

குட்டையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததை விவரிக்கத் தேவையில்லை. வளவில் காளியாத்தாள் என்பவள் வீட்டில் வாந்திபேதி என்பதும், துணிகளை அந்தக் குட்டையில் அலசினார்கள் என்பதும் முந்தின நாளே எனக்குத் தெரியும். காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று தெரிந்தால் பூட்டை உடைப்பார்கள். மரத்துக்கு இரண்டு குடமாவது வேண்டும். நீங்கள் சித்திரை வெயிலில் அந்தக் கரட்டடியில் நின்று பார்த்ததில்லை.

"சுத்தந்தான். குடிங்க," என்றேன்.

வேலிக்கு வெளியே காத்திருந்த மற்றப் பெண்களிடம், குட்டைப் பக்கம் நடந்துகொண்டே அக்கா பெருமையாகச் சொன்னாள்: "எம்பட தங்கச்சியே சொல்லிருச்சு."

பதினோரு பேர். மாரக்காள் ஏழாவது.

யாரையும் வெறுத்து நான் செய்யவில்லை. மரம் பிழைத்தால் நான் நிற்பேன். நான் நின்றால் வளவு தலைநிமிரும். அவர்களுக்காகத்தான் செய்தேன்.

முப்பத்தொன்றும் பச்சையாக இருக்கின்றன. பூ வரவில்லை. குளிர் காணாத ஊரில் ஆலிவ் பூக்காது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பண்ணைப் புத்தகத்தில் படித்தேன். அந்த வரிக்குக் கீழே இருக்கும் பென்சில் கோடும் என்னுடையதுதான்.

வருகிற தையில் குளிர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதுவரை கிணற்றுச் சாவியை வளவில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.