‘நல்லா இருக்கேன்’ என்றவர்களைக் கடைசிக்கு அனுப்பியவர்

விழுப்புரம் அலுவலகத்தின் விளக்கே, திண்டிவனம் முகாம்களின் திலகமே, கோப்புகளைக் கோபத்தாலும் குறைகளைக் குணத்தாலும் தீர்த்த கோமகனே, மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவின் கண்காணிப்பாளர் புகழேந்தி அவர்களே!

பெயரிலேயே புகழை ஏந்தி நிற்பதால் இந்தப் பிரிவுபசார மடலுக்குப் பாதி வேலை குறைந்தது. மீதிப் பாதிக்குக் கெங்கம்மாள் இருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவரைத் தாங்கள் பார்க்காததுபோல் இருப்பதை நாங்கள் பார்த்துவிட்டோம். குணக்குன்று, கடமைச் செம்மல் என்பதெல்லாம் அச்சகத்தார் எல்லா மடலுக்கும் இலவசமாகச் சேர்ப்பவை. நாங்கள் நடந்ததைச் சொல்கிறோம்.

ஒலக்கூர்ப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது நிலக்கடலைக் காடுகளில், களையெடுத்துப் பிழைத்த கெங்கம்மாளுக்கு முடக்குவாதம் வந்து வருடங்களாகின்றன. விரல் மடங்கினால் நிமிராது, முழங்கால் எப்போதும் வீக்கம். மருத்துவர் சான்று தந்தால்தான் மாத உதவித்தொகை. அது வந்தால்தான் மருமகள் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை வாங்கலாம். அதற்காகத் திண்டிவனம் முகாமுக்கு வந்த அன்று அந்த அம்மாள் பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டினார். வலி மாத்திரையை முழுங்கினார். டாக்டர் முன்னால் கோலூன்றிப் போவது மரியாதை இல்லையென்று கோலை டீக்கடையில் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிறவரைப் போல நிமிர்ந்து நடந்து உள்ளே போனார்.

“எப்படிம்மா இருக்கீங்க?” என்றார் மருத்துவர்.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டரம்மா. நீங்க சாப்ட்டீங்களா?”

“வேலையெல்லாம் செய்வீங்களா?”

“சும்மா குந்திக்கினு சாப்புடுற குடும்பமாங்க எங்களுது?”

கையைத் தூக்கச் சொன்னதும் உயிர் போகிற வலியில் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினார். தகுதி இல்லை என்று முடிவாயிற்று. அடுத்த முகாமில் புடவை மட்டும் மாறியது.

பிறகு அழுதுகொண்டு நம் அலுவலகம் வந்தவருக்குத் தாங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கிக் குடித்ததைப் பார்த்ததும் தங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு நோவு இருக்குதா இல்லியாம்மா?”

“இருக்குதுங்க சார். அத்த போயி படிச்சவங்க கிட்ட சொல்லிக்கினு பேஜாரு பண்ணலாங்களா?”

அன்றுதான் சைக்கிள் கொட்டகையில் அந்த ஒத்திகை பிறந்தது. தாங்கள் துண்டை ஸ்டெதஸ்கோப்பாகக் கழுத்தில் தொங்கவிட்டு டாக்டராக அமர்வீர்கள். சான்று கேட்டு வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, எப்படி இருக்கீங்க என்பீர்கள். நல்லா இருக்கேன் என்றவர்களுக்கு ஒரே தீர்ப்பு: “கடைசில போய் நில்லுங்க.” இல்லாத நோயை யாருக்கும் சொல்லித்தரவில்லை. இருப்பதைச் சொல்லுங்கள், மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள் என்றீர்கள். அதற்கே நம் சனங்களுக்கு நாக்கு புரளவில்லை. கெங்கம்மாள் கடைசிக்குப் போன தடவைகளுக்குக் கணக்கில்லை.

மூன்றாவது முகாம் வந்தது. மருத்துவர் கேட்டார். கெங்கம்மாள் “நல்லா…” என்று தொடங்கி வாசலைப் பார்த்தார். அங்கே தாங்கள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முறைத்தபடி நின்றிருந்தீர்கள்.

“நல்லா இல்லீங்க டாக்டரம்மா,” என்றார். “தலை வாரிக்க முடியல. கேப்பைக்கூழு சட்டியத் தூக்க முடியல. ராத்திரில அழுவேன், யாருக்கும் தெரியாது.”

சொல்லும்போதே அழுதார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை, மருமகள், ஓட்டை டிவி, பக்கத்து வீட்டு ஆடு வரை போனார். மருத்துவர் கும்பிட்டு நிறுத்திச் சான்று எழுதினார்.

இனித் தங்களைப் பற்றி. இடுப்பு மூட்டுத் தேய்ந்து நெடுநாளாகிறது. படிக்கட்டின் பாதியில் நின்று, அங்கே ஒட்டியிருக்கும் டெங்கு அறிவிப்பைப் படிப்பதுபோல் மூச்சு வாங்குவீர்கள். அதை அத்தனை ஊன்றிப் படித்தவர் கொசுக்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். பீரோவுக்குப் பின்னால் மறைத்த கைத்தடி எங்களுக்குத் தெரியும். சான்று வாங்குங்கள் சார் என்றால், “அதெல்லாம் நோவு இருக்கறவங்களுக்கு,” என்றீர்கள்.

போன வாரம் மல்லாட்டையோடு வந்த கெங்கம்மாள், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து நின்ற தங்களைக் கண்டார். “எப்படி இருக்கீங்க சார்?” என்றார்.

“நல்லா இருக்கேம்மா.”

“அப்ப கடைசில போய் நில்லுங்க,” என்றார் கெங்கம்மாள்.

தாங்கள் திரும்பி டெங்கு அறிவிப்பை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினீர்கள்.

நோயற்று நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவதே முறை. நோயை நாங்கள் முன்பே பார்த்துவிட்டதால், வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துகிறோம். இம்மடலை வாசித்து முடித்ததும் கெங்கம்மாள் கழுத்தில் துண்டோடு எழுந்து ஒரே கேள்வி கேட்பார். உண்மை வந்த பிறகே மாலை. தவறினால் கடைசிப் பந்தி. பாயசத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

திண்டிவனத்தில் அடுத்த முகாமில் வரிசையின் முன்னால் தங்களுக்கு அவர் இடம் பிடித்துவைப்பார். வாருங்கள் சார். கைத்தடியை டீக்கடையில் விட்டு வராதீர்கள்.

தங்களால் திட்டப்பட்டும் தங்களைப் பிரிய மனமில்லாத
அலுவலகப் பணியாளர்கள்

எழுதியவர்: இசைவாணி
நீளத்தைக் குறைக்க முயன்று தோற்றவர்: ஆனந்தராஜ்