நூத்திப் பன்னெண்டாம் நம்பர் ட்யூப்

எழுதிக்கோங்க சார், நானே சொல்றேன். ஆனா இங்க என்ன வேலைன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. இல்லன்னா ட்யூப் வீணாப் போச்சுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவீங்க.

இந்தக் கேன்சர் லேப்ல பதினாலு வருஷமா அரைக்கிறேன் சார். ஆமா, அரைக்கிறதுதான். ஆபரேஷன்ல வெட்டி எடுத்த கட்டி, பட்டாணி சைஸ்ல உறைய வெச்சு வரும். பீங்கான் உரல்ல போட்டு, லிக்விட் நைட்ரஜனை ஊத்தி, குழவியால நச்சு நச்சுன்னு தட்டி, முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி ஆக்கணும். நைட்ரஜன் ஆவியாகிறதுக்குள்ள முடிக்கணும். கொஞ்சம் இளகிச்சோ, கூழாயிடும், அப்புறம் எந்த டெஸ்டுக்கும் ஆகாது. அள்ற ஸ்பூனைக்கூட குளிர வெச்சுத்தான் எடுப்பேன்.

கையா? அந்தத் தழும்பு க்ளவுஸ் கிழிஞ்ச அன்னிக்கு நைட்ரஜன் பட்டது. விடுங்க, அதுக்கும் ஒரு விசாரணை வெச்சா நீங்க இங்கயே குடியிருக்கணும்.

டாக்டரம்மாவா? இந்த லேபுக்கே தலைவி, தங்கமானவங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில பேர் போடறப்ப மட்டும் மறதி வந்துடும். பதினோரு பேர் பேர் இருக்கும், அரைச்சவ பேர் இருக்காது. அந்தக் கோவத்துல செஞ்சேன்னு எழுதிடாதீங்க சார். அதெல்லாம் எப்பவோ ஆறிப் போச்சு.

நூத்திப் பன்னெண்டையும் நான்தான் அரைச்சேன். பக்கத்து மேஜைப் பொண்ணு, அக்கா நீங்க போங்க, இதை நான் பாத்துக்கறேன்னா. வேண்டாம்டி, நீ சிந்திடுவேன்னுட்டேன். துளி சிந்தல. அந்த ஆளுக்கு எந்த மருந்து கேக்கும்னு இதுல தெரிஞ்சுடும், இந்த வாரமே பாத்துடறேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் ஏதோ மாநாடு வந்துச்சு. மாநாட்டுக்கு வேண்டிய ட்யூபெல்லாம் முன்னாடி போச்சு. தினம் ஃப்ரீசரைத் திறப்பேன். வெச்ச இடத்துலயே இருக்கும்.

கேக்காம இருப்பேனா? ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை, உனக்கு மட்டும் தனிச் சட்டமான்னாங்க. நானா டெஸ்ட் பண்ண முடியுமா சார்? அந்த மெஷின் பக்கமே என்னை விட மாட்டாங்க.

ஏழு வாரம். அந்த மனுஷன் போய்ச் சேந்துட்டார்.

போன திங்கக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டாங்க. நூத்திப் பன்னெண்டை எடுத்து வை, கட்டுரைக்குப் பிழைக்காதவங்க வரிசையில ஒண்ணு குறையுதுன்னாங்க. போனைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. யாரோடதுன்னே ஞாபகம் இல்ல போல. அவங்களுக்கு அது நம்பர்தானே.

எடுத்தேன். மேஜை மேல வெச்சேன். இளகிக் கூழாகற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். யாரும் என்னன்னு கேக்கல.

யாரோ ஒரு நோயாளிக்காக நான் ஏன்னா கேக்கறீங்க? என்ன சார், அந்த ஃபைலை நீங்களும் புரட்டலியா? கட்டியை எடுத்துக்கச் சம்மதம்னு முதல் தாள் இருக்கும் பாருங்க. மனைவின்னு போட்ட இடத்துல இருக்கறது என் கையெழுத்துதான்.