தக்காளி வரிசையில் தாட்ட அட்டை

"நீங்க பார்டரே தாண்டலையேம்மா. டிவியில பார்த்ததை எல்லாம் நடந்ததுன்னு சொல்லாதீங்க."

குவைத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து, எங்கள் கம்பெனி மேனேஜர் சொன்னது. அவரும் தமிழர்தான்.

நான் பார்த்தது இது.

2004. ஈராக். குவைத் எல்லையிலிருந்து ஜுபைர் ஊருக்குப் போகும் சாலை. எங்கள் வேன் கவிழ்ந்து கிடக்கிறது. முதலில் ஒரு 'தும்'. பிறகு தகரத்தில் கல் விழுவதுபோல் டக், டக், டக். நான் வெளியே தவழ்ந்து வந்து, எழுந்து நின்று, அண்ணாந்து பார்க்கிறேன். எங்கள் கடற்கரையில் இந்தச் சத்தம் வந்தால் கோயில் கொடியேற்று வெடி. எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்போம்.

"வெடி பாக்க வந்தனியோ? கிட தங்கச்சி! நிலத்தில கிட!"

டிரைவர் ஜெயசீலன் அண்ணன். இலங்கையில் மன்னார்க்காரர். ஷெல் சத்தத்தில் வளர்ந்தவர். விழுந்தேன். தலைக்கு மேல் ஏதோ சீறிப் போனது.

நான் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். குவைத் கிளினிக் என்று சொல்லி எடுத்தார்கள். அன்று காலை 'கேம்ப் டியூட்டி' என்றார்கள். எந்த நாட்டுக் கேம்ப் என்று சொல்லவில்லை. வேனில் மூன்று பேர். சமையல் வேலைக்கு வந்த ஹைதராபாத் பாய் பின் சீட்டிலிருந்து எழவே இல்லை.

சாலைக்கு அப்பால் தக்காளித் தோட்டம். வரிசை வரிசையாக, முழங்கால் உயரத்தில், பிளாஸ்டிக் மூடிய கூண்டுகள். ஒன்றுக்குள் ஊர்ந்தோம். அண்ணனின் தொடையில் குண்டு. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன். உள்ளே வேகும் சூடு. தக்காளி இலை வாசனை. இரத்த வாசனை. வெளியே பிக்கப் வண்டி வந்து நிற்கிறது. கதவுகள் அறைபடுகின்றன. ஆட்கள் எங்களைத் தேடுகிறார்கள்.

"கார்டைத் தாட்டுப்போடு."

புதைக்கச் சொல்கிறார். கழுத்தில் தொங்கும் அட்டையில் வெளிநாட்டு ராணுவ முகாமின் முத்திரை. பிடிபட்டால் எங்களைக் கொல்ல அது போதும். ஆனால் என் பெயருக்குக் கீழே 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று அச்சடித்த முதல் பொருளும் அதுதான். கை வரவில்லை.

"படிச்ச பிள்ளை. உனக்கு உயிர் பெரிசோ, அட்டை பெரிசோ?"

தாட்டேன். அவருடையதையும் சேர்த்து.

பிக்கப் போனது. யாரோ பிளாஸ்டிக்கைத் தூக்கினார்கள். தோட்டக்காரப் பெண். எங்களைப் பார்த்தாள். போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தாள். உடல் முழுதும் மூடும் ஒரு கறுப்பு அபாயாவையும் தண்ணீர் பாட்டிலையும் எறிந்தாள். "யல்லா, யல்லா!" சீக்கிரம் போகச் சொல்கிறாள்.

அண்ணன் தண்ணீர் குடிக்கவில்லை. துப்பட்டா நனைந்துகொண்டே இருந்தது. அவர் நாடியில் என் விரல். மெலிந்தது. நின்றது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அபாயாவைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. சாலையில் அந்த வெளிநாட்டு ராணுவத்தின் வண்டி. துப்பாக்கிகள் என் பக்கம் திரும்புகின்றன. அவர்கள் கண்ணுக்கு நான் அந்த ஊர்ப் பெண். துணிக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம்.

"ஸ்டாப்! ஸ்டாப்!"

கை கழுத்துக்குப் போகிறது. அட்டை இல்லை. அபாயாவைக் கழற்றி எறிந்தேன். "நர்ஸ்! இந்தியன் நர்ஸ்! டோன்ட் ஷூட்!" படித்த இங்கிலீஷ் முழுவதையும் கத்தினேன். துப்பாக்கிகள் தாழ்ந்தன. தக்காளி வரிசையைக் காட்டினேன். அண்ணனின் உடலை எடுத்துக்கொண்டார்கள். என்னைக் குவைத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

குவைத் நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது, அவ்வளவுதான், என்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "ஒரு கையெழுத்து. கலாஸ், முடிஞ்சுது. பாஸ்போர்ட்டை வாங்கிட்டு ஊருக்குப் போங்க."

என் அம்மா கைநாட்டு. இப்படிப்பட்ட தாளில் எதற்கென்று தெரியாமல் விரலை அழுத்தியிருப்பாள். நான் வாசித்தேன். போடவில்லை.

போனவை: ஹைதராபாத் பாய். ஜெயசீலன் அண்ணன். மண்ணுக்குள் இரண்டு அட்டைகள். என் வேலை. கம்பெனி லாக்கரில் இன்னும் என் பாஸ்போர்ட்.

நேற்று தூதரகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். முழுப் பெயர், படிப்பு, கையெழுத்து. வெளியே வந்து மன்னாருக்கு ஃபோன் போட்டேன். அண்ணனின் மனைவி எடுத்தார்.

"அக்கா, அது ஆக்சிடெண்ட் இல்லை" என்றேன். "நான் பக்கத்தில இருந்தேன்."